பால்கணக்கு நோட்டின் பின்பக்கம்

காட்பாடி ஜங்ஷனில் இருபத்தெட்டு வருஷம்
டிக்கெட் கிழித்துக் கொடுத்தவருக்கு
ஒரு சித்திரை மத்தியானம்
வாயிலிருந்த பெயர்கள் எல்லாம் தடம் புரண்டன.
வலது கை தொங்கிற்று.
தண்ணீர் கேட்க நினைத்தவர்
"சோளிங்கர்" என்றார்.
சொம்பை நீட்டினேன். குடித்தார்.
அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

பேச்சுப்பயிற்சி அறையில் ஹெப்சிபா படம் காட்டுவாள்.
இது? குடை. இது? சாவி.
அவர் சொல்வது குடையும் இல்லை, சாவியும் இல்லை.
பெருக்கல் குறி போடுவாள், வருத்தத்தோடுதான்.
வெளியே வராந்தாவில் வங்காளத்து ஜனம்
ரிப்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு
ஏதோ பேசியபடி இருக்கும்.
ஒரு சொல்லும் எனக்குப் புரியாது.
யாருக்காக அழுகிறார்கள் என்பது மட்டும் தெரியும்.
அங்கே உட்கார்ந்துதான் யோசித்தேன்,
புரியாததெல்லாம் தப்பா?

முதல் சொல் பாலத்தின் மேல் வந்தது.
ஷேர் ஆட்டோ பாலாற்றைக் கடக்கும்போது
தண்ணீர் இல்லையென்று தெரிந்தும்
ஒருமுறை குனிந்து பார்ப்போமே,
அப்போது, மணலைக் காட்டி,
"பாலறவு."
வீட்டுக்கு வந்து பால்கணக்கு நோட்டைத் திருப்பிப்போட்டு
கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
இல்லாததை, அது இருந்த இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வருவது.
அர்த்தம் என்னுடையது.
சொல் அவருடையது.

முன்பக்கம் அரை லிட்டர் அரை லிட்டராக நிறைய,
பின்பக்கம் இவர் நிறைந்தார்.

கரண்ட் போன ராத்திரி "நேத்திருட்டு" என்றார்.
நேத்து, இருட்டு என்று பிரித்தேன்.
நேத்து, திருட்டு என்றும் வருமோ?
புணர்ச்சி விதி எனக்கு வராது, நான் கணக்கு டீச்சர்.
இரண்டையும் எழுதினேன்.
நேற்றைய இருட்டு இன்றைக்கும் தீராமல் இருப்பது.
அல்லது
நேற்றை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்,
பூட்டு பூட்டினபடியே இருக்கிறது.

இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.
சுவர்க் கடிகாரம் நின்றுபோயிருந்தது.
எதைப் பார்த்துச் சொன்னாரோ, "முள்ளோரம்."
கடிகாரத்துக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.
குத்தியது கத்திரிக்காய்.

மஸ்கட்டிலிருந்து மகள் கூப்பிட்டாள்.
அப்புறம் வரேம்ப்பா என்றாள்.
முன்னேயும் அப்படித்தான் சொன்னாள்.
போனை என்னிடம் கொடுத்துவிட்டு
"அப்புறமுன்" என்றார்.
அதற்கு அர்த்தம் எழுதவில்லை.

என்னைப் பூங்காலம் என்றார்.
பூங்காவனம் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர்.
பூங்காலம் நான் ஒருத்திதான்.
ஐம்பத்தாறு வயதில் புதுப்பேர்.
அடுப்படியிலிருந்து கைதுடைத்து வரும்போது
நடை கொஞ்சம் மாறியிருந்தது என்று நினைக்கிறேன்.

தை பிறக்கையில் தேற ஆரம்பித்தார்.
குடை குடையாயிற்று. சாவி சாவியாயிற்று.
சோளிங்கர் தன் தண்டவாளத்துக்கே போய் நின்றது.
ஒரு செவ்வாய்க்கிழமை ஹெப்சிபா என்னைக் காட்டினாள்.
இது யாரு சார்?
"பூங்காவனம்."
அவள் கைதட்டினாள்.
என்னவென்றே தெரியாமல்
கதவோரம் நின்ற வங்காளத்து அம்மாவும் தட்டினார்.
யாரைக் கூப்பிடுகிறார் என்று
நான் ஒரு நொடி வாசல் பக்கம் திரும்பினேன்.

நேற்று மறுபடி கரண்ட் போயிற்று.
பழக்கத்தில் சொல்லிவிட்டேன், "நேத்திருட்டு."
"அப்டின்னா இன்னா?" என்றார்,
தெளிவாக, ஓரெழுத்துப் பிசகாமல்.

நோட்டில் இருக்கிறது. எடுத்துக் காட்டலாம்.
ஆனால் இருட்டு.
தவிர, பாலும் சொல்லும்
நடுவில் முட்டிக்கொள்ள இரண்டே தாள்தான் பாக்கி.

ஒண்ணுமில்ல என்றேன்.
டார்ச் எங்க வச்ச என்று கேட்டார்.
பிரிட்ஜ் மேல என்றேன்.
சரியாகப் போய் எடுத்தார்.